கறுத்துப்போன மூன்று டிக்கெட்டுகள்

பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சூடாக்கி ஒட்டாத எந்தக் காகிதத்தையும் நான் நம்புவதில்லை. ஊரைவிட்டு ஓடிய ஒரு மழைநாளில், படகில், என் பட்டச் சான்றிதழ் மடியிலேயே கரைந்து நீலக் கறையாகிப் போனது. ஒஸ்லோவுக்கு வந்து முதற் சம்பளத்தில் நான் வாங்கியது லமினேட் செய்யும் மெஷின். (குளிர்ச்சட்டை அல்ல. அது ஓசியில் கிடைத்தது.) பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, சலவை அறை முறைத்தாள் என்று வீட்டில் அகப்பட்ட எல்லாம் பளபளத்தன. என்னையும் ஒருநாள் அதுக்குள்ளை விடுவியளோ என்று மகள் துர்க்கா கேட்டிருக்கிறாள்.

அந்தத் துர்க்கா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் மாணவர் குடியிருப்புக்கு மாறினாள். மனைவி அதற்கு முன்பே பிரிந்து போய்விட்டிருந்தாள். வெஸ்ட்லியில், ரயில் பாதை முடிகிற இடத்தில், மூன்று அறை வீட்டில் நான் ஒருவன். வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து. எண்ணுவதற்கு அதற்குமேல் ஒன்றுமில்லை.

இந்த நிலையில்தான் கால்பந்து என் வாழ்க்கைக்குள் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் டிக்கெட் இன்னும் காகிதமாகவே இருந்தது. துர்க்காவின் கூட்டத்தில் ஏழு பேர். ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட்தான் எடுப்பார்கள். மாணவர்களுக்கு விலை குறைவு, ஆனால் மாணவர் அட்டையைக் காட்ட வேண்டும். காலையில் விரிவுரை இல்லாதவர் மற்றவர்களின் அட்டைகளையும் வாங்கிக்கொண்டுபோய் வரிசையில் நிற்பார். பரீட்சை இருப்பவர் தன் முறையை விட்டுக்கொடுப்பார். விட்டவருக்கு அடுத்த ஆட்டம் நிச்சயம். எங்கள் கோயில் நிர்வாகத்தில்கூட நான் இவ்வளவு ஒழுங்கைக் கண்டதில்லை.

எடுத்த டிக்கெட்டைப் பத்திரப்படுத்துவதில்தான் அவர்கள் மோசம். ஒருமுறை ஹென்ரிக் என்ற நெட்டையன் காற்சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துவிட்டான். இன்னொருமுறை, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் செருகியிருந்த நான்கும் காணாமல் போயின.

"அப்பாட்டைக் குடுப்பம்," என்றாளாம் துர்க்கா. "அவர் ஒண்டையும் துலைக்கமாட்டார். எண்ணி எண்ணி வைப்பார்."

அன்றிலிருந்து டிக்கெட்டுகள் என் அலுமாரியில். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர் அன்றைய நால்வரும் வெஸ்ட்லிவரை வந்து வாங்கிப் போவார்கள். பெரும்பாலும் துர்க்கா, ஹென்ரிக், அவனுடைய சிநேகிதி மாரித், கோயம்புத்தூரிலிருந்து மேற்படிப்புக்கு வந்த கார்த்திக். (முதல் நாளே அவன் "அங்கிள், நீங்க பேசுறது மலையாளம் மாதிரியே இருக்கு" என்றான். உன்ரை தமிழ் சினிமாப்படம் மாதிரிக் கிடக்கு தம்பி என்றேன். அத்தோடு நாங்கள் சிநேகிதராகிவிட்டோம்.) ஆளுக்கு மூன்று ரோல்ஸ், இறைச்சி வைத்துச் சுருட்டியது, பொரித்துவைப்பேன். வாசலில் என்னுடையதோடு ஐந்து சோடிச் சப்பாத்து கிடக்கும். அவர்கள் ரயிலுக்கு ஓடிய பிறகு மறுபடியும் ஒன்று.

இலையுதிர் காலத்தில் ஒருநாள், அடுத்த வருடத்திலிருந்து டிக்கெட் கைத்தொலைபேசிக்கே வருமாம், இனி உங்களுக்குச் சிரமமில்லை என்று ஹென்ரிக் நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னான். நான் தலையாட்டினேன். பாதி கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டேன்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வென்றால் கிண்ணம். டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன, இவர்களுடைய நான்கும் என் அலுமாரியில். காலையிலிருந்து மழை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது படகு ஞாபகம் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது: எவ்வளவு மழையிலும் நனையாத டிக்கெட்டைக் கையில் கொடுத்தால், கைத்தொலைபேசி வேண்டாம், அங்கிளே வைத்திருக்கட்டும் என்று சொல்லமாட்டார்களா?

மெஷினைச் சூடாக்கி முதல் டிக்கெட்டை விட்டேன். மறுபக்கத்தால் கரிக்கட்டைபோல ஒன்று வந்தது. எழுத்து இல்லை, கோடு இல்லை, முழுக் கறுப்பு. இயந்திரம் அழுக்காக இருக்கிறதாக்கும் என்று துடைத்துவிட்டு இரண்டாவதை விட்டேன். அதுவும் கறுப்பு. ஒரு பரிசோதனையை மூன்று தடவையாவது செய்யாமல் முடிவுக்கு வரக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஆகையால் மூன்றாவதையும் விட்டேன். கடைப் பற்றுச்சீட்டைப்போல, சூடு பட்டால் கறுக்கிற காகிதம் அது. (ஊரில் நான் படிப்பித்த பாடம் இரசாயனம்.)

நால்வரும் வந்தபோது மூன்று கரித்துண்டுகளையும் மிஞ்சிய ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாரித்துக்குச் சிரிப்பு வந்தது. துர்க்காவுக்கு வரவில்லை.

"ஏனப்பா?"

"மழையெல்லோ, பிள்ளை."

பிறகு நோர்வேஜிய மொழியில் மாநாடு நடந்தது. ஒருவர் போய் மூவர் நிற்பதா? ஹென்ரிக் விதியை எடுத்துச் சொன்னான்: ஒரு டிக்கெட் மிஞ்சினால், இங்கே இருப்பவர்களில் இதுவரை குறைவாகப் போனவருக்கு. அவன் ஆறு, மாரித் ஐந்து, துர்க்காவும் கார்த்திக்கும் நாலு நாலு. பிறகு என்னைப் பார்த்தான். பருவம் முழுக்க டிக்கெட் காத்தவர், பூச்சியம். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அந்தக் கணக்கில் என்னைச் சேர்த்திருக்கவில்லை.

எனக்கு வேண்டாம் என்றேன். எனக்குப் பந்து எந்தப் பக்கம் போகவேண்டுமென்றே தெரியாது என்றேன்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ் தான் அங்கிள்," என்று கார்த்திக் தன் கழுத்துச் சால்வையை எனக்குச் சுற்றிவிட்டான். "நாங்க இங்கயே டிவில பாத்துக்கிறோம்."

"ரோல்ஸ் எத்தினை இருக்கப்பா?" என்றாள் துர்க்கா. பன்னிரண்டு என்றேன்.

வாசலில் நான்கு சோடிச் சப்பாத்துகளை விட்டுவிட்டு என்னுடையதை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மைதான வாசலில் ஒருவர் மாணவர் அட்டை கேட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை. பணப்பையைத் துழாவியபோது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மொழி வகுப்பில் தந்த அட்டை அகப்பட்டது. காலாவதியாகிப் பல வருடம். ஆனால் லமினேட் செய்தது. படத்தில் எனக்குக் கறுத்த முடி. அவர் படத்தையும் என் தலையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன படிக்கிறீர்கள்?"

"நோர்வேஜிய மொழி."

"இன்னுமா?"

"கஷ்டமான மொழி," என்றேன்.

உள்ளே விட்டுவிட்டார்.

மைதானம் நிறைந்திருந்தது, எனக்குப் பக்கத்து மூன்று ஆசனங்களைத் தவிர. மழைத்தண்ணீர் அவற்றில் தேங்கி நின்றது. முன்வரிசையில் தகப்பனும் மகளும் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள். எல்லோரும் எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்தேன். பந்தைவிட என் வீடுதான் கண்ணுக்குள் நின்றது. இப்போது மூன்றாவது ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். கார்த்திக் என் சாய்மனைக் கதிரையில் இருப்பான். வீடு நிறைந்திருக்கிறது, அந்த நேரம் பார்த்து நான் வீட்டில் இல்லை.

இடைவேளையில் எழும்பி வெளியேறினேன். ரயிலில் என்னையும் ஒரு நாயையும் அதன் சொந்தக்காரரையும் தவிர வேறெவரும் இல்லை. ஒவ்வொரு தரிப்பிடத்திலும், ஆட்டம் முடிந்திருக்குமோ, பிள்ளைகள் புறப்பட்டிருப்பார்களோ என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். வெஸ்ட்லியில் இறங்கி, இந்த வயதில் செய்யக்கூடாத ஓட்டம் ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

சப்பாத்துகளை எண்ணினேன். நான்கு சோடியும் இருந்தன.

உள்ளே ஒரே கூத்து. நான் ரயிலில் இருந்த நேரத்தில் கோல் விழுந்து கிண்ணமும் கிடைத்துவிட்டது. ஹென்ரிக் என்னைத் தூக்கிச் சுற்றினான். பிறகுதான் துர்க்கா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் கோலைக் கண்டனீங்களோ?"

அடுத்த வருடம் டிக்கெட்டுகள் கைத்தொலைபேசிக்கே போயின. ஏழு பேரும் படிப்பை முடித்து ஏழு பக்கம் போனார்கள். கார்த்திக் தீபாவளிக்கு மட்டும் அழைப்பான். மெஷின் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. துர்க்காவின் கல்யாணத்தில் ஹென்ரிக் ஒலிவாங்கியைப் பிடித்து, அன்று மைதானத்துக்குப் போனவர் இவர் ஒருவர்தான், கோலைக் காணாதவரும் இவர் ஒருவர்தான் என்று சொல்ல, மண்டபமே சிரித்தது. இப்போது மருமகனின் வீட்டாரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஏன் பாதியில் வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு, குளிர் தாங்கவில்லை என்றே இன்றுவரை சொல்லிவருகிறேன்.