சமையலறைக் கூரையில் ஒரு கால்

வீடு விற்கிறவன்தான் பொய் சொல்வான், வாங்குகிறவன் பாவம், ஏமாறுவான் என்று ஊர் நினைக்கிறது. நான் வாங்குகிறவனாக இருந்துகொண்டே விற்கிறவனைவிட அதிகமாகப் பொய் சொன்னவன். அதுவும் நானே வலியப் போய்க் கூட்டிவந்த ஆளிடம். (இப்படிப்பட்டவனுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். நாலு பேர் இருக்கும்போது சொல்லமாட்டாள்.)

பினாங்குப் பாலம் கட்டி முடியாத காலம். எனக்கு இருபத்தொன்பது வயது, கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். மூன்று குடும்பத்துக்கு ஒரே சமையலறை. என் மனைவி புஷ்பத்தின் முறை விடியற்காலையில் வரும். அதைத் தவறவிட்டால் மத்தியானம்வரை ஒரு வாய் காப்பிகூடப் போட முடியாது. ஐந்து வருஷம் அப்படி ஓடியது. “எனக்கு பங்களா வேணாங்க. நெனைச்ச நேரத்துல என் அடுப்ப நான் பத்த வைக்கணும், அவ்வளவுதான்” என்பாள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஆயர் ஈத்தாமில் ஒரு வரிசை வீடு விலைக்கு வந்தது. லிம் என்ற சீனப் பெரியவருடையது. பழைய வீடுதான், ஆனால் சமையலறை விசாலம். புஷ்பம் அதன் நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் இரண்டு நிபந்தனை போட்டாள். கட்டடம் தெரிந்த ஒருவர் வீட்டைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து அவளுடைய அத்தை வந்து பால் காய்ச்சி, சரி என்று சொன்னால்தான் குடிபோவது. தாயில்லாத பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அத்தை. அவர் வாயிலிருந்து ‘வேண்டாம்’ வந்துவிட்டால் அரண்மனையானாலும் புஷ்பம் வாசல்படி மிதிக்கமாட்டாள்.

இரண்டும் நியாயமான நிபந்தனைதான். கெடுத்தவன் நான். ஆனி முடிய ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டுப் பேச்சையே எடுக்க விடமாட்டார் அத்தை. பத்திரம் முடிய மாதக்கணக்காகும் என்றாலும், முதலில் பாலைக் காய்ச்சிக்கொள்ள லிம் தாராளமாகச் சம்மதித்தார். வீட்டைப் பார்த்துச் சொல்ல நான் தேடிப் பிடித்தவருக்கும் அதே ஞாயிறுதான் தோதுப்பட்டது. ‘இரண்டையும் ஒரே காலையில் முடித்துவிடலாம்’ என்று நினைத்த மூளை என்னுடையது.

விடிந்ததும்தான் பயம் வந்தது. அத்தை, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று பதினான்கு பேர் ஃபெரி ஏறி வருகிறார்கள். அத்தனை பேர் முன்னால் ‘இங்கே விரிசல், அங்கே கரையான்’ என்று அந்த மனிதர் அடுக்கினால் என்ன ஆவது? உடனே வேலையில் இறங்கினேன். கூடத்து விரிசல்மேல் முருகன் படம். ஈரம் பூத்த சுவரில் லட்சுமி படம். அரித்துப்போன நிலைப்படிக்கு ஆளுயர மாவிலைத் தோரணம். லிம் என் பின்னாலேயே வந்து, அரைகுறைத் தமிழில் அலறினார்.

“தம்பி, இங்க ரோசாக் லா, கெட்டுப்போச்சு! அந்த ஆளு பாக்கணும்! ஏன் மூடுற?”

“அங்கிள், சும்மா இருங்க லா. சாமி படம்.”

“நான் விக்கிற ஆளு, நானே சொல்றேன். நீ வாங்குற ஆளு, நீ ஒளிக்கிற!” என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு கனகரத்தினம் ஐயா வந்தார். பொதுப்பணி இலாகாவில் கட்டட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. கையில் டார்ச், ஸ்குரூ டிரைவர், நோட்டுப் புத்தகம், ஒரு கோலிக்குண்டு. அவ்வளவுதான் ஆயுதம். கோலியைக் கூடத்துத் தரையில் வைத்தார். அது யோசித்து யோசித்து உருண்டு ஒரு மூலையில் போய் நின்றது. “இந்த மூலை அரை இஞ்சு இறங்கிப் போச்சு” என்று எழுதிக்கொண்டார். ஒரு வெள்ளிக் காசால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நேராக முருகன் படத்துக்குப் போய், கும்பிட்டு, படத்தை மெல்ல நகர்த்தி விரிசலை அளந்து, மறுபடி கும்பிட்டு நேராக மாட்டினார். லட்சுமிக்கும் அதே மரியாதை. தோரணத்தை விலக்கிப் பார்த்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்கு உடம்பு புல்லரித்தது. அந்த வீட்டில் நான் பத்துத் தடவை நடந்திருக்கிறேன். சுவர் இருந்தது, கூரை இருந்தது, அவ்வளவுதான் கண்டேன். இந்த மனிதர் பத்து நிமிஷத்தில், எந்த வருஷம் எந்தப் பக்கம் ஒழுகியது என்பதுவரை சொல்கிறார்! (“ஆமா லா, ஆமா லா!” என்று லிம் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றார்.) மறைக்கத் தொடங்கியவன், வாயைப் பிளந்துகொண்டு அவர் பின்னால் போக ஆரம்பித்தேன். அதனால்தான் கூடத்தில் ஏணி போட்டு, கூரைக்கும் உள்கூரைப் பலகைக்கும் நடுவே அவர் ஏறியபோது, பட்டு வேட்டியோடு நானும் ஏறினேன்.

“தம்பி, மரத்தில மட்டும் காலை வையும். பலகையில வைச்சீரெண்டால் கீழே போயிடுவீர்” என்றார்.

“சரிங்க ஐயா.”

குனிந்தபடி சமையலறைக்கு மேலே போனோம். கீழே, அதற்குள் வந்து சேர்ந்து பாலை அடுப்பில் ஏற்றிவிட்ட அத்தையின் மந்திரமும் புஷ்பத்தின் வளையல் சத்தமும் கேட்டன. ஐயா ஒரு உத்திரத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். வாழைப்பழத்தில் போவதுபோல் பிடிவரை உள்ளே போயிற்று. “ஐயோ!” என்று அதைக் கிட்டே பார்க்க ஓரடி எடுத்து வைத்தேன். மரத்தில் அல்ல.

மற்றதைக் கீழே இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். பால் பொங்கி வருகிறது. பெண்கள் குலவையிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, படார் என்ற சத்தத்தோடு, தொடைவரை ஒட்டடை அப்பிய ஒரு மனிதக் கால் கூரையிலிருந்து இறங்கி, அடுப்புக்கு நாலடி மேலே நின்று ஆடியது. குலவை அப்படியே நின்றுபோனது. நான் உத்திரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். வேட்டி மேலேயே தங்கிவிட்டது. (அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். கடவுள் இருக்கிறார்.)

என்னை இறக்கியதும் ‘அடிபட்டதா’ என்று யாரும் கேட்கவில்லை. அத்தை கேட்டது ஒன்றுதான்.

“மாப்ள, எந்தக் காலு? பால் பொங்குற நேரத்துல மொத மொதல்ல அடுப்படிக்குள்ள வந்த காலு. வலதா, இடதா?”

“வலதுதான் அத்தை” என்றேன். என் குரலை எனக்கே நம்பச் சிரமமாக இருந்தது.

“கட்ட வெரல நான் பாத்தேன். எடது. எடது காலு நொழைஞ்ச வீடு நம்ம புள்ளைக்கு ஆகாது.”

சித்தப்பா வலது என்றார், பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். உத்திரத்தில் உரசி என் இரண்டு காலிலுமே சிராய்ப்பு, ரத்தம், ஒட்டடை, அதனால் சாட்சிக்கு உதவவில்லை. புஷ்பம் கரண்டியைப் பிடித்தபடி அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் எல்லோரும் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த ஐயா பக்கம் திரும்பினார்கள். மேலே என் பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தானே. அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார், புஷ்பத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“ரிப்போர்ட்டில எழுதுவன்” என்றார். போய்விட்டார்.

மூன்று நாள் எங்கள் அறையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் ஆங்கிலத்தில் டைப் அடித்த மூன்று பக்கம் வந்தது. பட்டர்வொர்த்துக்கு எடுத்துப்போய் அத்தைக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். விரிசல்கள், ஈரம், தரை இறக்கம், நிலைப்படி, எல்லாம் அளவோடு இருந்தன. இரண்டு உத்திரங்களை மாற்றிக்கொண்டு வீட்டை வாங்கலாம் என்றிருந்தது. (லிம் மாற்றித் தந்தார்.) கடைசி வரி: ‘சமையலறைக் கூரைப் பலகை: ஒரு துவாரம். காரணம்: வாங்குபவரின் வலது கால்.’

அத்தை என்னை நம்பாமல், பள்ளிக்கூடம் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவளும் அதையே படித்தாள். “கவர்மெண்டு ஆளு எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று அத்தை குங்குமத்தை எடுத்துப் புஷ்பத்தின் நெற்றியில் வைத்தார். ஃபெரியில் திரும்பும்போது புஷ்பம் வழியெல்லாம் அழுதுகொண்டே சிரித்தாள்.

நன்றி சொல்ல ஐயா வீட்டுக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே பெரிய காயம் ஆறியும் ஆறாமலும் இருந்தது. இடது காலில். கால்சட்டையை மடித்துக் காட்டி, “ஐயா, ரிப்போர்ட்டில் ஒரே ஒரு பிழை...” என்று இழுத்தேன். அவர் எழுந்துபோய் டார்ச்சை எடுத்துவந்து, குனிந்து, காயத்தை நிதானமாகப் பார்த்தார். முட்டியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“இது வலது கால்தான், தம்பி” என்றார்.

அந்த மனிதர் காலில் விழலாம் போலிருந்தது. அரை இஞ்சுக்குக்கூடப் பொய் எழுதாதவர், என் மனைவி அடுப்புக்காக ஒரு முழுக் காலை மாற்றி எழுதியிருக்கிறார்.

அவர் எழுதியது எழுதியதுதான். அத்தை காலமாகி வெகுநாளாகியும் எங்கள் குடும்பத்தில் என் இடது காலுக்கு வலது கால் என்றுதான் பெயர். பேரப்பிள்ளைகள்கூட, “தாத்தா, ரிப்போர்ட் கால நீட்டுங்க” என்று கேட்டுத்தான் அமுக்கிவிடுகிறார்கள். போன மாதம் அந்த முட்டியில் ஒரே வலி. பழக்கதோஷத்தில் டாக்டரிடம் வலது கால் என்று சொல்லிவிட்டேன். நல்ல காலுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.