அரே அண்ணனின் காலி சீட்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அத்தனை கண்டக்டர்களும் ஒரே நேரத்தில் கத்தினாலும், அரே அண்ணன் ஒருவர் தந்த தலைவலிக்கு ஈடாகாது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் சீசன் சீசனாக உட்கார்ந்து களைத்துப்போனவள் சொல்கிறேன், நம்புங்கள்.

எங்கள் முதலாளிக்குத் தொழில் வேன். சிவனொளிபாதமலை சீசனில் ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு யாத்திரை ஆட்களை ஏற்றுவார். சீட் பதிவுக்கு ஒரு புரோகிராம் வேண்டுமென்று, கராஜுக்கு மேலே இருந்த அறையில் எங்கள் இருவரையும் கம்ப்யூட்டரோடு உட்கார வைத்தார். கீழிருந்து வரும் புகை முழுவதும் எங்களுக்குத்தான்.

அண்ணனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. புரோகிராமில் பெயர்களைப் போட்டு வைக்க லிஸ்ட் என்று ஒன்று உண்டு, ஆள் சேரச் சேர நீளும். அரே என்று இன்னொன்று உண்டு, எத்தனை இடம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அப்புறம் நீளாது. அண்ணன் கண்ணில் பட்ட லிஸ்டையெல்லாம் அரேயாக மாற்றிவிடுவார்; அவர் பெயரும் அதுவே ஆனது.

"லிஸ்டு நம்ம ஊரு பஸ்ஸு மாதிரி தங்கச்சி. ஃபுட்போர்டுல தொங்குனாலும் இன்னும் ஏறு ஏறும்பாங்க. வேன்ல அது நடக்குமா? பொறப்படுறப்ப அரேயா மாத்திரணும்."

அதுவரை சரி. ஆனால் மாற்றும்போது, இருக்கிற ஆட்களை விட ஓர் இடம் கூடுதலாகப் போடுவார். கடைசி இடம் வெறுமையாகக் கிடக்கும்.

டீக்கடையிலிருந்து மேலே டீ வரவழைக்கும்போதும் அதே கூத்து. இரண்டு பேருக்கு மூன்று பால் விடாத பிளேன்டீ சொல்வார். "யாருக்குண்ணே?" என்றால், "வரவங்களுக்கு" என்பார். ஒருவரும் வரமாட்டார்கள். ஆறினதை நான் குடித்தாக வேண்டும். ஒரு தோட்டத்துக் கொழுந்து முழுக்க என் வயிற்றுக்குள் போயிருக்கும்.

அந்த அரேதான் பயணிகள் தாளாக அச்சாகி வேனுக்குப் போகும்; கடைசி எண்ணுக்கு எதிரே பெயர் இருக்காது. டிரைவர் மணியண்ணன் ரொம்ப ஒழுங்கானவர். அந்தப் பெயரில்லாதவர் வரும்வரை வேனை எடுக்க மாட்டார். உள்ளே இருப்பவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் மாறிமாறித் திட்டுவார்கள். போன் எனக்கு வரும்.

"தங்கச்சி, கடைசி ஆளு இன்னும் வரலியே!"

"அப்புடி ஒரு ஆளே இல்லண்ணே, எடுங்க!"

"இல்லாத ஆளுக்கு எதுக்குங்க நம்பர்?"

நியாயமான கேள்விதான். போனை அண்ணன் பக்கம் நீட்டினேன்.

சீசனின் கடைசிச் சனிக்கிழமை முதலாளியே படியேறி அண்ணனிடம் வந்தார். "அந்த வெத்து எடத்த இன்னிக்கே தூக்கு. இல்லாட்டி திங்கக்கெழம வேலைக்கு வராத."

அண்ணன் வட்டகொடையிலிருந்து ரயிலில் வருபவர். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேறு வருமானம் கிடையாது. பயம் என்னவோ எனக்குத்தான் வந்தது. "ஒரு வரிதானேண்ணே, எடுத்துருங்க" என்று கெஞ்சினேன்.

"மாத்துனதுக்குப் பெறகு லிஸ்டுல யார சேத்தாலும் அரேக்குத் தெரியாது தங்கச்சி. பிந்தி வரவங்க எங்க போவாங்க?"

கடைசி வேனுக்கும் தாள் காலி இடத்தோடுதான் போனது. தொலைந்தது வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து முதலாளியின் போன். அவருடைய அம்மா, இந்த சீசனை விட்டால் தன் முழங்கால் மலையேறாது என்று திடீரெனக் கிளம்பிவிட்டாராம். அம்மாவின் தங்கை ஏற்கெனவே அந்த வேனில் இருக்கிறாராம். ஒரு சீட் போடச் சொன்னார். லிஸ்டில் சேர்த்தேன், திரையில் பெயர் அழகாக விழுந்தது. அங்கே மழை. முதலாளி போனை வைக்காமலே டிரைவரிடம் பாய்ந்தார்.

"லிஸ்டுல அம்மா பேரு இருக்குய்யா!"

"எங்கிட்ட உள்ள தாள்ல இல்லீங்களே மொதலாளி." மணியண்ணன் இழுத்தார். "ஆனா கடைசில ஒரு வெத்து எடம் கெடக்குங்க. அந்த ஆளு வரட்டும்னுதான் வேன எடுக்காம நிக்கிறேன்."

மழைச் சத்தத்துக்கு நடுவே முதலாளியின் குரல், மெதுவாக: "அம்மா, ஏறுங்க."

திங்கட்கிழமை அண்ணன் எப்போதும்போல் வேலைக்கு வந்தார். முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மேலே வந்தார், மேசையில் கிடந்த மூன்றாவது பிளேன்டீயை எடுத்து நின்றபடியே குடித்தார், இறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் இப்போது கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறார். அவர் நாற்காலியில் புதிதாக ஒரு பெண். போன வாரம் கேட்டாள், "அக்கா, அரேயில ஒரு எடம் சும்மா கெடக்கே, தூக்கிரவா?"

"தொடாதம்மா. அது எங்க அண்ணன் எடம்."

டீயெல்லாம் இப்போது சூடாகத்தான் குடிக்கிறேன். அவர் இல்லாமல் அலுப்பாகத்தான் இருக்கிறது.