அக்கா வீட்டுக் கடலைக் கூலி

புகைப்படத்தைப் பார்த்துப் பெண்ணை முடிவு செய்தவர்களைக் கிண்டலடிக்க எனக்கு அருகதை இல்லை. நான் புகைப்படத்தைப் பார்த்துப் பண்ணையை முடிவு செய்தவன்.

சென்னையில் வேலை போயிருந்தது. வீட்டில், பெங்களூரில் பயிற்சி என்று சொல்லிவைத்தேன். (உண்மையைச் சொன்னால், கீரனூருக்கு வந்து நம் வயலைப் பார் என்பார் அப்பா. இந்தத் துரைக்கு அது கௌரவக் குறைச்சல்.) உழைத்தால் தங்க இடமும் சாப்பாடும் தரும் இயற்கைப் பண்ணைகளை இணையத்தில் தேடினேன். ஒன்றில் மாமரத்தடியில் ஊஞ்சல் இருந்தது. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த வல்லத்திராக்கோட்டை அந்தப் பண்ணையிலிருந்து நாலைந்து ஊர் தள்ளித்தான். அங்கிருந்து யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. நான்தான் போனேன்.

தங்குமிடம், உர மூட்டை அடுக்கிய பம்புசெட் அறை. ஊஞ்சலில் பண்ணைக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் இருந்தவரை இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் மட்டும் இறங்கினார். "ப்ரோ, அங்கிட்டு ஒரு கொல்லையில கடலை ஆயப் போறோம். செம எக்ஸ்பீரியன்ஸ்!" என்று என்னையும் என்னைப் போலவே வந்து மாட்டியிருந்த நாலைந்து பேரையும் குட்டியானை வண்டியில் ஏற்றினார். எங்களைக் கூலிக்கு விடுகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தேன். டீத் தூக்கோடு வந்து நின்றவள் என் அக்கா. அது அவள் புகுந்த வீட்டுக் கடலை வயல்.

"டேய், நீ பெங்களூருல இல்ல?"

பின்னாலேயே அவள் மாமியார். "ஏந்தாயி, ஒந் தம்பி ஆபீசருன்னுல்ல சொன்ன?"

அக்கா குனிந்து டீயை ஊற்றத் தொடங்கினாள். அந்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்து நின்றதே என் வேலையைச் சொல்லித்தான்.

ஆய்ந்த கடலையில் ஒரு பங்குதான் கூலி. சாயங்காலம் எல்லார் பங்குக்கும் சேர்த்துப் பண்ணைக்காரர் சாக்கை விரித்தார். மாமியார் என் பங்கை மட்டும் அதில் போடவிடவில்லை.

"சம்பந்தி வீட்டுப் புள்ளைய வெறுங்கையோட அனுப்பலாமா? துண்ட விரிங்க தம்பி."

விரித்தேன். கொல்லையே பார்க்க அளந்து போட்டார். அக்கா வீட்டுக்குப் பழம் வாங்கிப் போகாமல், கூலி வாங்கி வந்த ஒரே தம்பி நான்தான்.

இப்போது நல்ல வேலையில் இருக்கிறேன். ஆனாலும் அறுவடைக்கு அறுவடை "தம்பி கூலி" என்று ஒரு பை கடலை வந்துவிடும். போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீராகத் தங்கத் தோடு வைத்தேன்.

"கூலியில மிச்சம் புடிச்சதுங்களா தம்பி?" என்றார் மாமியார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். (வேறென்ன செய்ய?)

அக்கா சிரிக்கவில்லை. பிள்ளையை என் மடியில் உட்கார வைக்கக் குனிந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "ஒனக்கு எப்பவாச்சும்தான்டா இந்தப் பேச்சு. எனக்குத் தெனமும்."