பனித்தரையில் ஏழாவது ஆள்

தொழில்முறை ஐஸ் ஹொக்கி வீரன் என்று யாராவது தன்னை அறிமுகப்படுத்தினால் உடனே நம்பிவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். கழகத்தோடு ஒப்பந்தம் இருந்தது. சட்டையின் முதுகில் பெயர் இருந்தது (எங்கள் குடும்பப் பெயரின் நீளத்துக்கு, எழுத்துகள் ஒரு அக்குளில் தொடங்கி மறு அக்குளில்தான் முடிந்தன). சம்பளம்கூட வந்தது. விளையாடுகிற சந்தர்ப்பம் மட்டும்தான் வரவில்லை.

சுவிஸின் இரண்டாம் நிலை லீக்கில் எங்களுடையது ஒரு சிறிய கழகம். அதில் நான் மாற்று கோலி, அதாவது முதலாவது கோல்காப்பாளருக்கு ஏதாவது ஆனால் இறக்கப்படுகிறவன். அந்த முதலாவது கோலி மார்க்கோ, அலுமாரி அளவு மனிதன். அவனுக்குத் தடிமன் காய்ச்சல்கூட வராது. ஆகவே சீசன் முழுக்க நான் செய்த வேலை, வீரர்கள் மாறி மாறி இறங்கும்போது பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவது. கேலிக்குச் சொல்லவில்லை. மாற்று கோலியின் வேலையே அதுதான்.

அப்பாவோ நாங்கள் இருந்த வின்டர்தூரில் கண்ணில் பட்ட தமிழர்களையெல்லாம் நிறுத்திவைத்து, மகன் ஹொக்கியில் பெரிய ஆள் என்று சொல்லி வைத்திருந்தார். எம்மன்புரூக்கேயில் இருந்து சித்தப்பா வந்திருந்த ஒரு நாள், எங்கள் ஆட்டத்தின் காட்சிகளை அப்பா தொலைக்காட்சியில் பெருமையோடு போட்டுக் காட்டினார்.

"எங்கை இவனைக் காணேல்லை?" என்றார் சித்தப்பா.

"அந்தா, கதவுக்குப் பக்கத்திலை."

"கதவையெல்லோ திறந்து விடுறான்?"

"ஓம்."

"உதுக்கு மாசாமாசம் சம்பளமோ?"

"ஓம் சித்தப்பா," என்றேன் நான்.

"பெரிய ஹோட்டல் வாசல்லை நிண்டிருந்தா டிப்ஸும் கிடைச்சிருக்கும்."

அந்த வசந்த காலத்தோடு என் ஒப்பந்தம் முடிய இருந்தது. கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு சந்தர்ப்பம் வரும். அதில் என்னை அசத்து. மிச்சத்தைப் பிறகு பேசலாம்," என்று சொல்லியிருந்தார். நான் அதைக் கேட்டதிலிருந்து, மார்க்கோவுக்குச் சிறிதாக, வலிக்காமல், ஏதாவது நடக்கட்டும் என்று பிள்ளையாரிடம் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மா முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்தார். அதுவரை வர மறுத்திருந்தார். காரணம் கேட்டால், "காலிலை கத்தியைக் கட்டிக்கொண்டு தடியாலை அடிபடுற விளையாட்டை நான் வந்து வேறை பார்க்க வேணுமோ?" என்பார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில், எங்கள் பெஞ்சுக்குச் சரியாகப் பின்னால், மூன்று குளிர்ச்சட்டைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் முன்னுக்கு நின்ற நேரத்தில் பிள்ளையார் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டார். ஒரு எதிரணிக்காரன் வேகமாக வந்து மார்க்கோவின் மேல் விழ, மார்க்கோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். இரண்டு பேர் அவனைத் தோளில் தாங்கிப் பெஞ்சுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பயிற்சியாளர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஹொப்! இறங்கு!"

அரங்கு கைதட்டியது. "தம்பி, விட்டுடாதை!" என்று சித்தப்பாவின் குரல் கேட்டது. நான் தலைக்கவசத்தை இழுத்துப் போட்டு, கதவைத் திறந்து, ஒரு மாவீரனைப் போல் பனித்தரையில் பாய்ந்தேன்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. ஸ்கேட்டின் பிளேடு மழுங்காமல் இருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. தரையில் நிற்கும்போது மாட்டி, பனியில் இறங்க முன் கழற்ற வேண்டும். ஸ்கேட் பழகும் ஐந்து வயதுப் பிள்ளைக்கே இது தெரியும். எனக்கும் ஐந்து வயதில் தெரிந்திருந்தது.

பிளாஸ்டிக் பனியில் பட்டதும் என் இரண்டு கால்களும் அரங்கின் கூரையைப் பார்த்தன. முதுகடிபட விழுந்தேன். விழுந்ததோடு நின்றிருக்கலாம். இல்லை. அத்தனை கவசத்தோடும் ஒரு கவிழ்ந்த ஆமை மாதிரிச் சுழன்றுகொண்டே வழுக்கிப் போய், எதிரே நொண்டி வந்துகொண்டிருந்த மார்க்கோவையும், தாங்கி வந்த இருவரையும், ஒன்றாக அடித்து விழுத்தினேன்.

மார்க்கோ போட்ட சத்தத்தில் அரங்கே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் எழுந்தது.

"ஐயோ, என்ரை பிள்ளை!"

கதவு மூடுகிறவன் பனியில் கிடந்ததால் கதவு திறந்தே கிடந்தது. அம்மா எங்கள் பெஞ்சைக் கடந்து அதனூடாக இறங்கிவிட்டார். கையில் தைலப் போத்தல். காலில் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போடுகிற வழுக்காத சப்பாத்து. சந்தைக்குப் போவது போல நேராக நடந்து வந்தார்.

அம்மாவின் சுவிஸ் ஜெர்மன் முழுவதும் அந்த முதியோர் இல்லத்தில் கற்றது. அதனால் யாரோடு கதைத்தாலும் அவர்களுக்கு எண்பது வயது என்ற நினைப்பிலேயே கதைப்பார். என்னைத் தட்டிப் பார்த்துவிட்டு (எனக்கு ஒன்றும் இல்லை, மானம் தவிர), மார்க்கோவிடம் குனிந்து, "மெதுவாக, மெதுவாக. அவசரமே இல்லை. என் கையைப் பிடியுங்கள். டாய்லெட்டுக்குப் போகவேண்டுமா?" என்று கேட்டார்.

நடுவர் பாய்ந்து வந்தார். "அம்மணி, நீங்கள் இங்கே நிற்கக் கூடாது!"

அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நீங்கள் கொஞ்சம் இருங்கள், கண்ணே. இவரைப் பார்த்துவிட்டு உங்களிடம்தான் வருகிறேன்."

அரங்கு வெடித்தது. ஆட்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். "விடாதையுங்கோ அண்ணி!" என்று சித்தப்பா கதிரைமேல் ஏறி நின்று கத்தினார். அப்பா தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, யாரோ வழிப்போக்கரைப் போல இருந்தார்.

ஹொக்கியில் ஓர் அணிக்கு ஆறு பேர்தான் பனியில் நிற்கலாம். அந்த நடுவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததோ, அறவே இல்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது. ஒலிபெருக்கி அறிவித்தது: "மேலதிக ஆள் களத்தில். இரண்டு நிமிடத் தண்டனை."

அம்மாவுக்குப் பதிலாக எங்கள் முன்கள வீரன் ஒருவன் தண்டனைக் கூண்டுக்குள் போய் இருந்தான். "பாவம், அந்தப் பெடியன் என்ன செய்தவன்?" என்று அம்மா இருக்கைக்குத் திரும்பிப் பக்கத்தில் இருந்தவர்களிடம் விசாரித்தாராம்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உறையைக் கழற்றினேன். கோலுக்குள் நின்றேன். முதலாவது அடி என் கால்களுக்கு இடையே போனது. இரண்டாவது தோளுக்கு மேலே. மூன்றாவதை நான் பிடித்தேன், ஆனால் பிடித்தபடியே கோலுக்குள் விழுந்தேன். ஏழுக்கு மூன்று என்று தோற்றோம்.

அடுத்த வாரம் விளையாட்டுப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். கோப்பி தந்தார். மார்க்கோவின் முழங்கால் தேறி வருவதாகச் சொன்னார். பிறகு முகம் மலர்ந்து, "உன் அம்மா எப்படி இருக்கிறார்? ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தை அவர்தான் தொடங்கி வைக்க வேண்டும்," என்றார்.

"அப்ப நான்?" என்றேன்.

அவர் என் கோப்பைக்குள் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினார். "நீயும் அவரோடு வரலாம். உனக்கும் ஒரு நல்ல இருக்கை தருகிறோம்."

என் தொழில்முறை வாழ்க்கை இப்படித்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா வெளியே நின்று, "நான் இறங்கியிருக்கக் கூடாது, என்ன தம்பி?" என்று கேட்டார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "நீங்கள் நல்லாத்தானே செய்தனீங்கள் அம்மா. சொதப்பினது நான்," என்றேன்.

சொன்னபடி அந்தக் கழகம் அம்மாவை அழைத்தது. அவரும் பட்டுச் சேலைக்குமேல் கழகத்துச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, நடுக்களத்தில் கறுப்பு ரப்பர் வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். மார்க்கோ முழங்கால் பட்டியோடு வந்து அவரைக் கட்டிப்பிடித்தான்.

நான் இப்போது வீடுகளுக்கு வெப்பமூட்டி பொருத்துகிற வேலை செய்கிறேன். ஆனாலும் குடும்பத்துக்குள் புதிதாக ஒரு மருமகனோ மருமகளோ வந்தால் போதும், சித்தப்பா அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் முன்னால் நிறுத்துவார்.

"இவ எங்கடை அண்ணி. ஹொக்கி விளையாடினவ," என்று அம்மாவைக் காட்டுவார். பிறகு என் பக்கம் லேசாகக் கையசைப்பார்.

"இது அவவின்ரை மகன். விழுந்தவன்."