நாற்பதைத் தாண்டாதே

"ஏறாதே வின்! ஏறிடாதே!"

மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்காரப் போன வினார்த்தி அப்படியே நின்றாள். கையில் குடை, தோளில் பாட்டு நோட்டு வைத்த பை. செவ்வாய்க்கிழமை மாலை, க்ரோஞ்சோங் பாட்டுக் குழுவின் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது.

"ஏன், சீட்டுல ஆணி இருக்கா?"

"இன்ரேயன்" என்றார் அவள் கணவர் தர்சோனோ, தொழுகை நேரத்தைச் சொல்வது போன்ற குரலில்.

பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டியிருந்த காகிதச் சீட்டைக் காட்டினார். மெக்கானிக் பாக் சுகெங் கைப்பட எழுதியது. ஐநூறு கிலோமீட்டர் வரை இன்ரேயன், அதாவது எஞ்சினைப் பழக்கும் காலம். நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும். பின்னால் ஆள் கூடவே கூடாது.

"எட்டு மாசம் இந்த டூ-ஸ்ட்ரோக் சனியன் நம்ம ஹால்ல பிரிச்சுக் கிடந்துச்சு. பிஸ்டன் துடைக்க மெத்துமெத்துனு துணி வாங்கினீங்க. எனக்கு ஒரு கைக்குட்டை வாங்கினதில்ல. இப்ப அது ஓடுது, நான் நடக்கணுமா?"

"கொஞ்ச நாள்தான் வின். புது பிஸ்டனும் சிலிண்டரும் ஒண்ணோட ஒண்ணு பழகணும். ஆரம்பத்துல அவசரப்பட்டா உரசிச் சூடேறி இறுகிப் போயிடும்."

"நமக்குக் கல்யாணம் ஆனப்ப எங்கம்மாவும் இதையேதான் சொன்னாங்க" என்றாள் வினார்த்தி.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ருஸ்டாம் தன் புது ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். ருஸ்டாம் மனைவியை இழந்தவர். அதே குழுவில் உகுலேலே வாசிக்கிறவர். தலைமுடி ஐம்பது வயதிலும் ஒன்றுகூடக் குறையாமல் படிய வாரியிருக்கும். தர்சோனோவுக்கு இருப்பதை எண்ணிவிடலாம்.

"நானும் அங்கதானே போறேன், ஏறிக்குங்க பூ" என்றார். அந்த ஊரில் 'அம்மா'வுக்கு 'பூ', 'ஐயா'வுக்கு 'பாக்'.

"ரொம்ப நன்றி பாக்!" என்று தர்சோனோவே முந்திக்கொண்டு சொன்னார். சாலாத்திகா ஊரிலேயே அவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை அன்றைக்கு வேறு யாரும் செய்திருக்க முடியாது.

வினார்த்தி ஒருபக்கமாக உட்கார்ந்து, ருஸ்டாமின் சட்டை நுனியை இரண்டே விரலால் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் போய்விட்டது. தெருமுனையிலிருந்து அவள் சிரிப்பது கேட்டது. தர்சோனோவுக்கு அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு அவரும் பின்னாலேயே கிளம்பினார்.

"நீங்க எங்க?" என்றாள் வினார்த்தி.

"இன்ரேயன். எந்தப் பக்கம் போனா என்ன, கிலோமீட்டர் ஏறணும்ல?"

முள் நாற்பதில் நின்றது. முன்னால் ஸ்கூட்டர் சின்னதாகிக்கொண்டே போனது. அப்புறம் ருஸ்டாம் பெருந்தன்மையாக வேகத்தைக் குறைத்து இவர் பக்கத்தில் வந்தார்.

"சேர்ந்தே போவோம் பாக். தனியாப் போனா உங்களுக்குப் போரடிக்கும்."

"நீங்க போங்க பாக், பரவாயில்ல" என்றார் தர்சோனோ. வாயில்தான் பாக். மனசுக்குள் வேறு வார்த்தை.

மூன்று பேரும் ஊர்வலம் மாதிரி போனார்கள். அவர்களால் முந்த முடிந்தது ஒரு குதிரை வண்டியை மட்டும்தான். தர்சோனோவின் புகையில் குதிரை தும்மியது. இன்று சட்டையைப் பிடித்திருந்தது நான்கு விரல் என்பதை தர்சோனோ கவனித்துக்கொண்டார். மேட்டில் எஞ்சின் சூடேறியது. சீட்டில் எழுதியபடி மரத்தடியில் நிறுத்தினார். ஸ்கூட்டர் மேடேறி மறைந்தது. மறையும்போது வினார்த்தி திரும்பிப் பார்த்தாள். துரத்த முடியாத தூரத்தில்தான் இருக்கிறோமா என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டார் தர்சோனோ.

இதற்கு ஒரே வழி, ஐநூறைச் சீக்கிரம் முடிப்பது. ஆபீஸுக்குப் போகும் முன் ஒரு சுற்று, விட்ட பின் ஒரு சுற்று என்று ரவா பெனிங் ஏரியை வலம் வர ஆரம்பித்தார். மீன்காரர்கள் கையசைக்கத் தொடங்கினார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் பாதி மர்த்தபாக் இருந்தது. முட்டையும் கறியும் திணித்து மடித்த அந்தப் பலகாரம் வினார்த்திக்கு உயிர்.

"யார் வாங்கினது?"

"பாக் ருஸ்டாம். நீங்கதான் வீட்டுலயே இருக்கறதில்லயே. சூடா இருந்துச்சு, சாப்பிட்டுட்டோம்."

"சாப்பிட்டோமா? யார் யாரு?"

"கை கழுவிட்டு வாங்க. உங்களுக்குப் பாதி வெச்சிருக்கு."

அந்தப் பாதியை அவர் தொடவில்லை. பொறாமைப்படுகிறோம் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது பொறாமைதான், அசல் பொறாமை. படுத்தால் கண்ணுக்குள் விரல்களாக வந்தன.

ஐநூறு முடிந்த அன்றைக்கே பட்டறைக்கு ஓடினார். வாசலில் பாக் சுகெங்கின் மனைவி யாத்மி தெம்பே என்ற சோயா வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். சுகெங் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார், பார்த்தார், முகர்ந்தார். அடுப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இருமினார்.

"இன்னும் ஐநூறு ஓட்டுங்க பாக்."

"என்னது!"

"பழைய எஞ்சின், ரோஷம் ஜாஸ்தி. அவசரப்படுத்தினா போச்சு."

"பின்னால ஆளாவது?"

"மூச்!"

தர்சோனோ மூன்று நாள் லீவு போட்டார். அதிலும் ஒரு பயன் இல்லை. பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு மாலை ஒத்திகைக்கு அவரே போய்ச் சேர்ந்தார். பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது என்பதால் கைதட்ட வைத்தார்கள். அதுவும் தப்பான இடத்தில் தட்டினார். வினார்த்தி காதல் பாட்டுப் பாடினாள். பாடும்போது நேரே இவரைப் பார்த்தாள். மனம் குளிர்ந்து திரும்பிப் பார்த்தால், இவருக்குப் பின்னால் சரியாக அதே கோட்டில் ருஸ்டாம் உட்கார்ந்து உகுலேலேவைத் தடவிக்கொண்டிருந்தார். குளிர்ந்தது மறுபடி கொதித்தது.

மறுநாள் ஒரு டப்பி வாசனைத் தலையெண்ணெய் வாங்கி, இருக்கிற முடியைப் படிய வாரினார். ஏரியைச் சுற்றியதில் வழியில் இருந்த கொசுவெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது.

"தலையில என்னங்க, மிளகு தூவியிருக்கா?" என்றாள் வினார்த்தி.

ஆயிரம் முடிந்தது. சுகெங் பிளக்கை முகர்ந்தார், இருமினார். "இன்னும் முந்நூறு."

"பாக் சுகெங், இது எஞ்சினா இல்ல என் ஆயுள் தண்டனையா?"

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கோபெங்கில் பாட்டுப் போட்டி. குழுவுக்கு இரண்டாம் பரிசு. திரும்பும் வழி முழுக்க இறக்கம். முன்னால் ஸ்கூட்டர், பின்னால் நாற்பதில் தர்சோனோ. ஒரு வளைவில் ஸ்கூட்டர் பள்ளத்தில் குதித்தது. வினார்த்தியின் கை, முழுக் கை, ருஸ்டாமின் இடுப்பைச் சுற்றியது.

தர்சோனோ டேங்க்மேல் இருந்த சீட்டைப் பார்த்தார். எட்டு மாத உழைப்பு. இந்த பிஸ்டனைக் கண்டுபிடிக்க நான்கு ஊர் அலைந்திருக்கிறார். இது போனால் வேறு கிடைக்காது.

"நாசமாப் போ!" என்று கத்தி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார்.

வண்டி அலறியது. ஐம்பது, அறுபத்தைந்து, எண்பது. எந்த நொடியும் இறுகி நிற்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஸ்கூட்டரை முந்தி, குறுக்கே நிறுத்தி, புகைக்கு நடுவிலிருந்து இறங்கினார்.

"வின்! இறங்கு! இந்த வண்டில ஏறு!"

"இன்ரேயன்?"

"எஞ்சின் உடைஞ்சா உடையட்டும்! எனக்கு நீதான் வேணும். இந்த ஆள் சட்டையை நீ இன்னொரு தடவை பிடிக்கறதைப் பார்க்க என்னால முடியாது!"

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். ருஸ்டாம் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு மலையை வேடிக்கை பார்த்தார். வினார்த்தி இறங்கி வந்து இவர் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் முதுகில் சாய்ந்து குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பட்டறையில் சுகெங் இல்லை, சாமான் வாங்கப் போயிருந்தார். தர்சோனோ சாவியை யாத்மியின் வாணலிக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எண்பதுல ஓட்டிட்டேன் பூ. பின்னால ஆளையும் ஏத்திட்டேன். இன்ரேயன் முடிய இன்னும் நூத்தம்பது பாக்கி. உள்ள எல்லாம் போயிருக்கும். வந்ததும் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

யாத்மி தெம்பேயைத் திருப்பிப் போட்டாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"எஞ்சின் ஐநூறுலயே பழகிடுச்சு பாக். 'என் வீட்டுக்காரர் இப்பத்தான் பழகிட்டு வர்றார், இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்க'ன்னு ரெண்டு தடவையும் இங்க வந்து கெஞ்சிட்டுப் போனது உங்க வினார்த்திதான்!"