தொட்டியின் பதினாறு திறப்பு விழாக்கள்

ஓடும் தண்ணீர் தூணில் மோதினால் பின்னால் எப்படிச் சுழலும் என்று ஆராய்வதற்காகவே அரசாங்கம் ஓர் இயற்பியலாளரை நியமித்து, நீளமான கண்ணாடித் தொட்டியும் அதற்கொரு கூடமும் கொடுத்திருந்தது. அலுவலகத்தில் அவருக்குச் சுழல் சார் என்று பெயர். எந்த வேகத்தில் அந்தச் சுழல் வரிசை குலைகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய இருபது வருஷ ஆசை. ஆண்டு முடிவதற்குள் பார்க்காவிட்டால் கூடம் பழைய கோப்புகளுக்கு ஒதுக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது.

சுழல் கண்ணுக்குத் தெரிய, தண்ணீரில் மினுங்கும் தூள் எதையாவது தூவ வேண்டும். ஜிகினாத் தூள் கேட்டு மனுப் போட்டார். கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார்.

"ஆராய்ச்சிக்கு ஜிகினா தரலாம்னு எங்கேயும் இல்லையே சார்."

"பின்னே எதுக்குத்தான் தரலாம்?"

"திறப்பு விழாவுக்கு. ரிப்பன் வெட்டும்போது மேலேருந்து கொட்டலாம். எவ்வளவு வேணும்னாலும்."

"அப்போ என் தொட்டியைத் திறந்து வைங்க. ரிப்பனைத் தொட்டிக்கு மேலேயே கட்டிடறேன்."

பெரிய அதிகாரி ஒருவர் ரிப்பனை வெட்டினார். தூள் கொட்டியது. தூணுக்குப் பின்னால் வெள்ளிச் சுழல்கள் இடமும் வலமுமாக மாறி மாறிப் பிறந்து ஓடின. சுழல் சாருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனால் வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தால்தானே ஆராய்ச்சி? ஒவ்வொரு வேகத்துக்கும் புதுத் தூள் வேண்டும், ஆகவே வாரம் ஒரு விழா நடந்தது. வேகம் கூடக் கூட விருந்தினரின் பதவியும் கூடியது. சுவரில் கல்வெட்டுக்கு இடமில்லாமல் போயிற்று.

"ஏங்க, ஒரே தொட்டியையே திறக்கறாங்களே, நடுவுல யாராவது மூடறாங்களா?" என்று கேட்டாள் சுழல் சாரின் மனைவி.

"மூடறதுக்கு விதி இல்லைம்மா."

பதினைந்து விழாவிலும் சுழல் வரிசை குலையவில்லை; அதிவேக ஓட்டம் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் புது உத்தரவு வந்தது: பதினைந்து பிரமுகர்கள் தம் பொற்கரங்களால் திறந்து வைத்த கூடத்தில் கோப்புகளை அடுக்குவது அவமரியாதை, எனவே அது நினைவுக்கூடமாகப் பூட்டிப் பாதுகாக்கப்படும், தலைமை விருந்தினரும் அவர் பரிவாரமும் தவிர வேறெவரும் நுழையலாகாது.

"நானுமா?" என்று பதறினார் சுழல் சார்.

கண்காணிப்பாளர் தலையைச் சொறிந்தார். "நீங்களே தலைமை தாங்கிட்டா என்ன சார்?"

பதினாறாவது விழாவுக்குச் சுழல் சார் புதுக் கோட்டில் வந்தார். அரைமணி நேரம் பேசினார். தண்ணீர் சீறிப் பாய, ரிப்பனை வெட்டினார். தூள் கொட்டியது, கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

"சார், இப்படிப் பாருங்க," என்றார் புகைப்படக்காரர்.

சுழல் சார் நிமிர்ந்து, சிரித்து, ஏழெட்டுப் படத்துக்கு நின்றார். குனிந்து பார்த்தபோது தூள் மொத்தமும் வடிகாலில் போயிருந்தது.

"அடடா! சுழல் குலைஞ்சுதா? யாராவது பார்த்தீங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கவலையே படாதீங்க சார், இன்னொரு விழா வெச்சுடலாம்," என்றார் கண்காணிப்பாளர். "யாரைக் கூப்பிடலாம்?"

சுழல் சார் கோட்டை நீவி விட்டுக்கொண்டார்.

"ஏன், நானே வரேனே."