சீனி போடாத மாப்பிள்ளை

மெலிந்திருந்த காலத்தில் எடுத்த படத்தை ஒருபோதும் பெண் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால், படத்தில் இருப்பவனை ஒருநாள் நேரில் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அவனை எங்கே போய்த் தேடுவது?

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். நமுனுகுல மலையடியில், எங்கள் தோட்டத்துப் பாடசாலையிலேயே எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருந்தது. பயிற்சிக் கல்லூரி விடுதியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய என்னை, அம்மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாகப் போட்டு, ஒரு தலைமை ஆசிரியருக்குரிய தோற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார். (பதவி மட்டும்தான் வரவில்லை.) அந்த நேரத்தில் பசறைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் சுமதி, பாலர் பாடசாலை ஆசிரியை. அவளுடைய அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அம்மா என் விடுதிக் காலத்துப் படத்தை அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள்.

என்னைக் காப்பாற்ற வந்தவன் அத்தை மகன் ரவி. கொழும்பில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் வேலை செய்வதாகச் சொல்வான். (அங்கே கண்ணாடி துடைக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.)

"மச்சான், சோறு, ரொட்டி, கெழங்கு, சீனி, எல்லாத்தையும் விட்டுடு. முட்ட, எறச்சி, கருவாடு எவ்வளவு வேணும்னாலும் தின்னு. மாவு கெடைக்காட்டி ஒடம்பு தன்னோட கொழுப்பையே எடுத்து எரிச்சிரும்."

அத்தோடு விட்டானா? விடிந்ததும் வெறுங்கோப்பியில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் குடிக்கச் சொன்னான். குளிர் கொழுப்பைத் தின்னுமாம். அதனால் பனி விலகுமுன், மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரின் கீழ் போய் நிற்க வேண்டும். பிறகு வயிற்றைச் சுற்றிப் பொலித்தீனை இறுக்கிக் கட்டி, மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மலை ஏற வேண்டும். நான் எல்லாவற்றையும் செய்தேன். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், பல் கிட்டிக்க நின்ற வாத்தியாரைப் பார்த்து, பாவம், ஏதோ நேர்த்திக்கடன் என்று பேசிக்கொண்டார்கள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "வாத்தியாராயிட்டா ரொட்டி எறங்காதோ?" என்று கேட்டுவிட்டு, நான் தொடாத ரொட்டியை என் கண் முன்னாலேயே கோழிக்குப் போட்டார். அன்று அந்தக் கோழியைப் பார்த்து நான் பட்ட பொறாமையை, வாழ்க்கையில் வேறு யார் மீதும் பட்டதில்லை.

உடம்பு இளைக்கத்தான் செய்தது. கூடவே தலை சுற்றியது, பகலிலேயே கண் இருட்டியது, வாயிலிருந்து அழுகிய பழம் போல ஒரு வாடை கிளம்பியது. பிள்ளைகள் கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். "அதான் மச்சான், கொழுப்பு எரியிற வாசம்" என்றான் ரவி.

பெண் பார்க்கும் நாளில், தொப்பையின் மிச்சத்தை அமுக்கிவைக்க வேண்டி, சட்டைக்குள் பொலித்தீனைக் கட்டிக்கொண்டேன். பசறை பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அது சரசரத்தது. உள்ளே வியர்வை ஓடை போல இறங்கியது.

கணக்கப்பிள்ளை வீட்டில் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார்கள். கேசரி, வடை, லட்டு என்று தட்டுகள் வந்தன. நான் ஒன்றையும் தொடவில்லை. சுமதி தேநீரோடு வந்தாள்.

"சீனி போடாம இருந்தா குடிக்கிறேங்க" என்றேன்.

கணக்கப்பிள்ளை அம்மாவின் பக்கம் திரும்பினார். "தம்பிக்குச் சீனி வியாதிங்களா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"எம்புள்ளைக்கு ஒரு வியாதியும் இல்லீங்க" என்றார் அம்மா.

என் பக்கத்தில் இருந்த பெண்ணின் தாய்மாமன் கொஞ்ச நேரமாகவே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இப்போது அவர் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியமாகக் கேட்டார்: "தம்பி, காலையிலேயே கசிப்புச் சாராயம் போட்டுட்டா வந்தீங்க?"

எங்களோடு வந்திருந்த ரவியைத் தேடினேன். ஆள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

நானே விளக்கம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். "நான் வந்து..." என்றது வரைதான் நினைவிருக்கிறது. நேராகக் கேசரித் தட்டின் மேல் விழுந்தேனாம். அத்தனை நாள் விரதத்துக்குப் பிறகு என்னைத் தொட்ட முதல் சீனி, கன்னத்தில் ஒட்டியது.

கண் விழித்தபோது தாய்மாமன் என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றியிருந்தார். பொலித்தீனுக்குள் நான் பளபளத்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, மாப்ளய பார்சல் கட்டியா கொண்டாந்தீங்க?" என்று கேட்டார் அவர்.

அம்மாவும் அதை அப்போதுதான் பார்க்கிறார். அழுவதா, அடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

சுமதி கத்தரிக்கோலோடு வந்து பொலித்தீனை வெட்டினாள். பாலர் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்பது போலக் கோப்பையை என் வாயருகே பிடித்தாள். அதில் சீனி கரையாமல் அடியில் கிடந்தது.

"முழுசாக் குடிங்க. இதெல்லாம் எதுக்குச் செஞ்சீங்க?"

"நீங்க பாத்த படம் பழசுங்க. அதுல ஒல்லியா இருப்பேன்."

"அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் வேணாம்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள், தணிந்த குரலில். "சீக்காளி மாதிரி இருக்காருன்னு."

அந்த வருடமே கல்யாணம் நடந்தது. ரவியைச் சமையல்கட்டுப் பக்கமே விடவில்லை.

சோதனை இப்போதுதான். போன வருடம் பதுளையில் இரத்தம் சோதித்துப் பார்த்த டொக்டர், எனக்கு உண்மையாகவே சீனி வியாதி என்று சொல்லிவிட்டார். சுமதி நம்பினாள். என் மாமியார் நம்பவில்லை. மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரோடு வந்து, கோப்பை காலியாகும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். போன தீபாவளிக்கு மருந்துப் பையையே விரித்துக் காட்டினேன். ஒவ்வொரு குளிசையாக உற்றுப் பார்த்துவிட்டு, அடுப்படியில் இருந்த மகளை மெதுவாகக் கேட்டார்:

"இந்தத் தடவ எந்தப் பொண்ணப் பாக்கப் போறாராம்?"